கைத்தொலைபேசியைத் துடைத்துவிட்டுப் புறப்படும் நகரம்

ரங்கூன் நகரின் நடைபாதைகளில் ஒரு காலத்தில் தொலைபேசி மேசைகள் இருந்தன. வெயிலுக்கு ஒரு குடை, சிறிய மேசை, அதன்மேல் வீட்டுத் தொலைபேசி ஒன்றோ இரண்டோ, நேரத்தைக் கணக்கிடக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு பெண். பேச வந்தவர் நின்ற நிலையிலேயே பேசுவார். பின்னால் நிற்பவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பார். நிமிடக் கணக்கில் காசைக் கொடுத்துவிட்டு நகர்வார். கொழும்பின் 'கொமியூனிக்கேஷன்' கடைகளில் வெளிநாட்டு அழைப்புக்காக நாள் முழுதும் காத்திருந்த எம்மவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டிய தேவையில்லை.

அன்றைய மியன்மாரில் கைத்தொலைபேசி என்பது தளபதிகளுக்கும் பெருவணிகர்களுக்கும் உரிய பொருள். 2011க்கு முந்திய ஆண்டுகளில் ஒரு சிம் அட்டையின் விலை ஆயிரத்து ஐந்நூறு அமெரிக்க டொலரையும் தாண்டி நின்றது. 2010இல் நூறு பேருக்கு ஓர் இணைப்பு என்ற அளவே அங்கு இருந்தது. உலகில் கைத்தொலைபேசி மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் வடகொரியாவுக்குப் பக்கத்தில் மியன்மாரும் நின்றது.

இன்று நாம் தஞ்சம் புகுந்துள்ள நாடுகளில் எந்தச் சஞ்சிகையைப் புரட்டினாலும் கைத்தொலைபேசிப் பாவனையைக் குறைக்கும் வழிகள் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் படும். படுக்கையறைக்குள் அதைக் கொண்டுசெல்லாதீர்கள், திரையின் வண்ணங்களை நீக்கிச் சாம்பல் நிறமாக்குங்கள், வார இறுதியில் ஒருநாள் அணைத்து வையுங்கள் என்பன போன்ற ஆலோசனைகள். எமது பிள்ளைகளைப் பார்க்கும்போது அவை தேவையற்றவை என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு முழு நகரம் கைத்தொலைபேசியைக் குறைத்துக்கொண்ட வரலாறு ரங்கூனில் உண்டு. அது உடல்நலத்துக்காக நிகழ்ந்ததன்று. அதிலிருந்து அகதிகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியவை, அந்தச் சஞ்சிகைகள் சொல்பவற்றிலிருந்து வேறானவை.

ரங்கூன் எமக்கு அந்நிய ஊருமன்று. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது இலட்சக்கணக்கான இந்தியர் அங்கிருந்து கால்நடையாகவே வெளியேறினர். அந்நகரில் 'ஜோதி' இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மாவும் நடந்தே வந்து, அந்தப் பயணத்தைப் பின்னர் நூலாக எழுதினார். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகவே, மேலும் பெருந்தொகையானோர் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்தின் அருகே அவர்கள் அமைத்துக்கொண்ட பர்மா பஜாரில் இப்போது கைத்தொலைபேசிகள் விற்கப்படுகின்றன என்பது காலத்தின் வேடிக்கை. எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அனோரத்தா வீதியின் காளி கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும், இரவதி, பெகூ, மோன் பகுதிகளின் ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்களிற் பலருக்குத் தமிழ் பேச வருகிறது. எழுத்து பர்மிய எழுத்தாகிவிட்டது.

2013 ஏப்ரலில் அரசு 1500 கியாட் விலையில், அதாவது இரண்டு டொலருக்கும் குறைவாக, சிம் அட்டைகளைக் குலுக்கல் முறையில் விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கட்டார் நாட்டின் ஊரிடூ நிறுவனமும், சில வாரங்கள் கழித்து நோர்வேயின் ரெலிநோரும் அதே விலையில் அட்டைகளை வழங்கின. நடைபாதை மேசைகள் மறைந்தன. வீட்டுத் தொலைபேசி, கணினி, மின்னஞ்சல் ஆகிய படிகள் எதிலும் கால்வைக்காமல் ஒரு நாடு நேரே கைத்தொலைபேசிக்குத் தாவியது. கடைக்காரரே வாங்குபவருக்கு முகநூல் கணக்கொன்றைத் திறந்து கொடுத்தனுப்புவார். அதற்கெனத் தொடங்கிய மின்னஞ்சலின் கடவுச்சொல் வாங்கியவருக்குத் தெரியாது. இணையம் என்றால் முகநூல், முகநூல் என்றால் இணையம் என்றாகிவிட்டது. 2018 அளவில் அதைப் பயன்படுத்தியோர் ஏறக்குறைய இரண்டு கோடி. நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடியளவுதான்.

அந்நாட்களில் பர்மிய எழுத்தை மியன்மாரில் பெரும்பாலானோர் 'ஸோஜி' என்ற எழுத்துருவில் எழுதினர். யூனிகோடு அங்கு நிலைபெற்றது 2019 ஒக்ரோபரின் பின்னரே. பாமினியில் தட்டெழுதிய கட்டுரை இன்னொருவரின் கணினியில் பூச்சிகளாகத் தோன்றிய காலத்தை அறிந்த எமது வாசகர் இத்தொல்லையை உணர்வர். முகநூல் நிறுவனத்தின் இயந்திரங்களால் அந்த எழுத்தைச் சரிவர வாசிக்க இயலவில்லை. வாசிக்க மனிதரும் இல்லை. 2015இன் தொடக்கத்தில் பர்மிய மொழி அறிந்த கண்காணிப்பாளர் இருவரே அந்நிறுவனத்துக்கு இருந்தனர் என்பதை ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 2018இல் வெளிக்கொணர்ந்தது.

அதன் விளைவை உலகம் அறியும். 2014 ஜூலையில் மண்டலேயில் முகநூலில் பரவிய பொய்க் குற்றச்சாட்டொன்று கலவரமாகி இருவரின் உயிரைக் குடித்தது. 2017 செப்ரெம்பரில், ரொஹிங்கியா மக்கள் இலட்சக்கணக்கில் வங்காளதேசத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கும், பௌத்தர்கள் தாக்கப் போகிறார்கள் என்று முஸ்லிம்களுக்கும் ஒரே சமயத்தில் மெசெஞ்சர் வழியே சங்கிலிச் செய்திகள் பறந்தன. இரு சாராரையும் ஒரே நாளில் அச்சுறுத்த முனைந்த அந்தக் கை யாருடையதாயினும், அது கைத்தொலைபேசியின் இயல்பை நன்கு புரிந்துகொண்ட கை. வெறுப்பைப் பரப்புவோர்க்கு முகநூல் பயனுள்ள கருவியாக இருந்தது என ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018இல் எழுதியது. தாம் போதியளவு செய்யவில்லை என்று நிறுவனமும் அவ்வாண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது.

இணையத்தை முதலில் நீண்ட காலம் துண்டித்தது இராணுவ ஆட்சியன்று என்பதை இங்கே குறிப்பிடாமல் விட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம். 2019 ஜூனில் ராக்கைன் மாநிலத்தின் எட்டு நகரப் பிரிவுகளிலும் அண்டையிலுள்ள சின் மாநிலத்தின் ஒன்றிலும் கைத்தொலைபேசி இணையத்தை நிறுத்த உத்தரவிட்டது, ஆங் சான் சூ சியின் தலைமையில் இயங்கிய சிவில் அரசின் அமைச்சே. போர் நடந்துகொண்டிருந்த அந்த ஊர்களில் மாதக்கணக்கில் இருள் நிலவியது. ரங்கூனில் எதிர்த்து வீதிக்கு வந்த ஒரு சில இளைஞர்மீது வழக்குப் பதிவாயிற்று. ஏனையோரின் திரைகள் வழமைபோல் ஒளிர்ந்தன. இருள் தலைநகரங்களை எட்டும் வரையில் அது செய்தியாவதில்லை. 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இதை நன்கு அறிவர்.

2021 பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலை இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அன்று காலை ரங்கூன் மக்கள் கண்விழித்தபோது தொலைபேசிகள் பேசவில்லை. மூன்று நாட்களில் முகநூல் தடுக்கப்பட்டது. 15ஆம் திகதி முதல் பல வாரங்களுக்கு இரவு ஒரு மணி தொடங்கிக் காலை ஒன்பது மணி வரை இணையம் முற்றாக நிறுத்தப்பட்டது. வீடுகளுக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்துச் செல்வதும் அந்த இரவுகளிலேயே நடந்தது. மார்ச் நடுப்பகுதியில் கைத்தொலைபேசி இணையமும், ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா அகலப்பட்டையும் நின்றன. கம்பி வழி இணைப்பு வாங்கும் வசதி படைத்தோர்க்கே வெளியுலகம் எஞ்சியது.

அவ்வேளையில் அந்நகரம் பழைய வழிகளைத் தேடிப்பிடித்தது. இரவு எட்டு மணிக்குச் சட்டி பானைகளைத் தட்டி எழுப்பிய ஓசைக்கு அலைவரிசை தேவைப்படவில்லை. ஏப்ரல் முதலாம் திகதி 'ஃபெடரல் எஃப்.எம்.' என்ற வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 'மொலொட்டோவ்' என்ற பெயரில் இளைஞர் ஒரு செய்தித்தாளை ஆக்கினர். கிடைத்தவர்கள் அதை அச்சிட்டுக் கைமாற்றினர். ஈயத்தில் எழுத்துக் கோத்தும், ரோணியோவில் உருட்டியும் பத்திரிகை நடத்திய எம் போன்றோர்க்கு இச்செய்தி சற்றே இறுமாப்பைத் தந்தது என்பதை மறைப்பானேன்! ஆயினும் ஆட்சியாளர் வானொலியையும் தாளையும் அறியாதவர்கள் அல்லர். செய்மதித் தொலைக்காட்சிக்கான கூரைத் தட்டுகளையும் அவ்வாண்டிலேயே தடைசெய்தனர்.

இனி வருவதே எமது கட்டுரையின் உட்பொருள். இணையம் கட்டங் கட்டமாகத் திரும்பி வந்தது. ஆனால் அது திரும்பிய பின்னரே ரங்கூன் மக்கள் கைத்தொலைபேசியைத் தாமாகக் குறைக்கத் தொடங்கினர்.

காரணம் சோதனைச் சாவடி. பேருந்தை மறித்து ஏறும் படையினன் முன்னர் அடையாள அட்டையைக் கேட்டான்; இப்போது கைத்தொலைபேசியையும் கேட்டான். திறந்து காட்டு என்றான். முகநூல் இருக்கிறதா, வி.பி.என். இருக்கிறதா, படத்தொகுப்பில் மூன்று விரல் உயர்த்திய படம் உள்ளதா, பணம் அனுப்பும் செயலியில் யாருக்கு எவ்வளவு சென்றிருக்கிறது என்று பார்த்தான். 2021 பெப்ரவரியில் தண்டனைச் சட்டக் கோவைக்குள் புகுத்தப்பட்ட 505 'அ' பிரிவு, அச்சத்தை விளைவிக்கும் கருத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. தேசிய ஐக்கிய அரசின் பதிவுகளுக்கு 'லைக்' இடுவதும் சிறைக்குரிய குற்றமென 2022 செப்ரெம்பரில் இராணுவத்தின் பேச்சாளர் அறிவித்தார். 2024 மே இறுதியில் வி.பி.என். சேவைகள் பரவலாக முடக்கப்பட்டு, தெருக்களில் அதற்கெனவே தொலைபேசிகள் சோதிக்கப்பட்டன. 2025 ஜனவரி முதலாம் திகதி வெளியான இணையவெளிப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி அச்சேவையை வழங்குவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை என்று விதித்தது. 2024 பெப்ரவரியில் கட்டாய ஆட்சேர்ப்பு அறிவிக்கப்பட்டதன் பின்னர், ஓர் இளைஞன் சாவடியில் நிறுத்தப்படுவதன் பொருளே மாறிவிட்டது.

எனவே வீட்டைவிட்டு வெளியேறுமுன் தொலைபேசியைத் துடைப்பது ஒரு வழக்கமாயிற்று. திரையைத் துணியால் துடைப்பதைச் சொல்லவில்லை. உரையாடல்களை அழிப்பது, கணக்கிலிருந்து வெளியேறுவது, செயலியையே நீக்கிவிட்டு மாலையில் மீண்டும் ஏற்றுவது, படத்தொகுப்பில் பூக்களையும் உணவையும் புத்தர் கோயிலையும் மட்டும் விட்டுவைப்பது. வசதியுள்ளோர் இரண்டு தொலைபேசி வைத்துக்கொண்டனர்: ஒன்று வீட்டில், மற்றையது வீதிக்கு. பொத்தான் வைத்த பழைய தொலைபேசிகள் மறுபடியும் கைக்கு வந்தன. பலர் எதையும் எடுக்காமலே சந்தைக்குப் போயினர். இதிலும் ஆபத்து உண்டு. இருபது வயதுப் பையனிடம் தொலைபேசியே இல்லையென்றால், அல்லது இருப்பது புதுத்தாள்போல் வெறுமையாக இருந்தால், அதுவே ஐயத்துக்கு இடமாகும். ஆகவே எதை அழிப்பது என்பதோடு, எதை விட்டுவைப்பது என்பதையும் மக்கள் கற்றனர். பாட்டு, விளையாட்டு, அத்தையின் பிறந்தநாள் வாழ்த்து.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 முடிவில் இணையக் கட்டணம் இருமடங்கானது. 2022 ஜனவரியில் புதிய சிம் அட்டைமீது 20,000 கியாட் வரி விழுந்தது. மின்சாரம் முறைவைத்துச் சில மணி நேரமே வரும் நாட்கள் பெருகின. மின்னேற்ற வழியற்றவன் பாவனையைக் குறைக்கத்தானே வேண்டும்.

துடைக்க முடியாதது ஒன்றும் உண்டு. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவு தொலைபேசியில் மட்டுமன்றி நிறுவனத்திடமும் இருக்கிறது. ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்குமாறு வற்புறுத்தப்பட்டதைக் காரணங்காட்டி ரெலிநோர் நாட்டைவிட்டு வெளியேற முடிவுசெய்தது. ஒரு கோடியே எண்பது இலட்சம் வாடிக்கையாளரைக் கொண்டிருந்த அந்நிறுவனம், மனித உரிமை அமைப்புகள் எவ்வளவோ எதிர்த்தும், 2022 மார்ச்சில் பதிவேடுகளோடு சேர்த்தே லெபனானின் எம்1 குழுமத்திடம் கைமாறியது. அதன் உள்ளூர்ப் பங்காளி இராணுவத்துக்கு நெருக்கமானவர் எனக் கருதப்பட்ட வணிகக் குழு. ஒஸ்லோவில் அதே நிறுவனத்தின் இணைப்பில் தாயோடு பேசும் எமது வாசகர், ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு முகம் இருக்க முடியும் என்பதை மனத்திற் கொள்வது நன்று.

இப்போது இங்கு வருவோம். சாவடியைக் கடக்க அனைத்தையும் அழித்த ஒருவர் தாய்லாந்தையோ மலேசியாவையோ தாண்டி, ஐரோப்பாவில் தஞ்சம் கோருகிறார் என்று கொள்வோம். விசாரணை அதிகாரியின் முதற் கேள்வி என்ன? ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதாகக் கூறுகிறீர், படம் எங்கே? மிரட்டல் வந்ததாகக் கூறுகிறீர், செய்தி எங்கே? அங்கு உயிர்காத்த வெறுமை இங்கு பொய்யனின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. தாண்டிக்குளத்தைக் கடக்குமுன் புகைப்படங்களையும் கடிதங்களையும் அடுப்பிலிட்டவர்கள் எம்மில் எத்தனை பேர்! பாரிசிலும் சூரிச்சிலும் அதே கடிதங்களைக் கேட்டு நின்ற அதிகாரிகளை எத்தனை பேர் கண்டோம்! துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடுபவர் பெரும்பாலும் ஆவணமின்றியே வந்துசேர்வர் என்பதையும், தக்க இடத்தில் ஐயத்தின் பயனை அவருக்கே அளிக்க வேண்டும் என்பதையும் ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் கைநூல் 1979இலேயே கூறியிருக்கிறது. அதைச் சட்டத்தரணி வாயிலாக நினைவூட்டுவது எமது உரிமை.

இங்கும் தொலைபேசியைக் கேட்கும் கைகள் உள்ளன. ஜேர்மனியில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், கடவுச்சீட்டு இல்லாத தஞ்சக் கோரிக்கையாளரின் தொலைபேசித் தரவுகளைப் படிக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது. வேறு வழிகளை ஆராயாமல் எடுத்த எடுப்பிலேயே அவ்வாறு செய்தது சட்டத்துக்கு முரண் என்று, ஆப்கான் பெண்ணொருவரின் வழக்கில், லைப்சிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அச்சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. பிரித்தானியாவில் 2020இல் சிறு படகுகளில் வந்தோரின் தொலைபேசிகள் ஒன்றுவிடாமல் பறிக்கப்பட்டன. அக்கொள்கை சட்டவிரோதமானது என உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் கூறியது. இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆதலால் கடவு எண்ணைச் சொல்வதற்கும், எதையாவது அழிப்பதற்கும் முன்னர் சட்டத்தரணியைக் கேட்பது அவசியம். வழக்கு நடக்கையில் அழித்தது பின்னர் அழித்தவருக்கு எதிராகவே பேசக்கூடும்.

ஆனால் எம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. ரங்கூனிலுள்ளவர் தம் தொலைபேசியை எவ்வளவுதான் துடைத்தாலும், அதை மீண்டும் நிரப்புவோர் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர். பாதுகாப்பான வீட்டிலிருந்து ஆர்ப்பாட்டப் படத்தை நாற்பது பேர் கொண்ட குடும்பக் குழுவில் போடுகிறார் ஒரு மாமா. ஊரிலுள்ள மருமகனின் பெயரைத் தம் பதிவில் இணைக்கிறார் ஒரு சித்தி. நிதி சேர்த்த செய்தியைத் தொகையோடு அனுப்புகிறார் இன்னொருவர். பேருந்தில் சாவடிக்கு நூறு யார் முன்னால் அந்தச் செய்தி ஒலியெழுப்பி வந்து விழுகிறது. பிறகு, இரண்டு நீலக் குறி தெரிந்தும் பதில் இல்லையே, எம்மை மறந்துவிட்டாயா என்று கோபம் வேறு. இது பர்மிய அகதிகளின் குடும்பங்களுக்கு மட்டும் உரிய கதை என்று எமது வாசகர் எண்ணார். தாயகத்தில் முகநூல் பதிவுகளுக்காக விசாரணைக்கு அழைக்கப்பட்டோரை நாம் அறிவோம்.

பாவனையைக் குறைக்கும் பொறுப்பை, ஆகவே, நாம் முதலில் இங்குள்ளவர் தலையிலேயே வைப்போம். அரசியல் படத்தையும் காணொளியையும் ஊருக்கு அனுப்பாதிருத்தல். பெயர் இணைக்காதிருத்தல். பணம் அனுப்பினால் அதன் நோக்கத்தை எழுதாதிருத்தல். வட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் குறித்த காலத்தில் தாமே அழியும் செய்திகளுக்கான வசதி உண்டு. அதை இரு பக்கமும் இட்டுக்கொள்ளலாம். அழிந்துவிடும் என்பதற்காக எதையும் எழுதலாம் என்று பொருளன்று, ஏனெனில் திரையை யாரும் படம்பிடிக்கலாம். அங்குள்ளவர் கேட்டாலன்றிச் செய்தி அனுப்பாமல், வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு பேசுவதே சாலச் சிறந்தது. அந்த நேரத்தைத் தெரிவு செய்பவர் அவராக இருக்கட்டும். எந்நேரம் மின்சாரம் வரும், எந்நேரம் தாம் வீட்டுக்குள் இருப்பார் என்பதை அவரே அறிவார்.

ரங்கூன் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஆறரை மணி முந்தியது. குளிர்காலத்தில் பாரிசிலும் ஒஸ்லோவிலும் பிற்பகல் மூன்று மணியானால் அங்கு இரவு எட்டரை. ரொறன்ரோவில் இருப்போர் காலை எட்டு மணிக்கு அழைத்தால் அங்கு ஏழரை; அநேக வீடுகளில் அவ்வேளை கதவு தாழிட்டிருக்கும்.